வை = 2எக்ஸ் + 3 ஏன் தப்பு? பையன் கேட்டதுக்குப் பதில் தெரியல

செந்தூல்செல்வி
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பையன் இங்க மலேசியாவுல படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு மாதிரி). கணிதத்துல கடைசிப் பாடம் நேர்க்கோடு, அவன் பள்ளியில மலாய்ல 'காரிஸ் லூருஸ்'. நேத்து வீட்டுப்பாடத்துல ஒரு கேள்வி: (2, 3), (6, 11) இந்த ரெண்டு புள்ளி வழியாப் போற நேர்க்கோட்டோட சமன்பாடு என்ன?

சாய்வைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கான். 11-ல 3 போனா 8, 6-ல 2 போனா 4, எட்டை நாலால வகுத்தா 2. அதுக்கப்புறம் நேரா வை = 2எக்ஸ் + 3-னு எழுதிட்டான். சிவப்பு மையில பெருக்கல் குறி. ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல.

நான் அந்தக் காலத்துல எஸ்.பி.எம். (படிவம் ஐந்து தேர்வு) வரைக்கும் படிச்சவதான். வை = எம்எக்ஸ் + சி இன்னும் மனப்பாடமா இருக்கு, எம்-னா சாய்வு. 'சி-ங்கறது கோடு வை அச்சை வெட்டுற இடம்டா'ன்னு சொன்னேன். அவன் கேக்குறான்: "சி-யும் வை, 3-உம் வை. அப்புறம் ஏம்மா அதைப் போடக்கூடாது?" பதில் சொல்லத் தெரியாம சோறு ஆறுதுன்னு எழுப்பி அனுப்பிட்டேன்.

(போன்ல தமிழ் விசைப்பலகையை மாத்தி மாத்தி அடிச்சா விரல் வலிக்குது. அதான் எக்ஸ், வைன்னு தமிழ்லயே எழுதுறேன். திட்டாதீங்க.)


ஷார்ட்கட்சிங்கம்
செவ்வாய், இரவு 9.52

அக்கா, சி கண்டுபிடிக்கிற வேலையே வேணாம். வை − வை1 = எம்(எக்ஸ் − எக்ஸ்1). ஒரு புள்ளி, ஒரு சாய்வு, போட்டா முடிஞ்சது.
வை − 3 = 2(எக்ஸ் − 2)
வை = 2எக்ஸ் − 1
ரெண்டு வரி. இதைச் சுவத்துல ஒட்டி வச்சிருங்க.


கெப்போங் வாத்தியார்
செவ்வாய், இரவு 10.25

அம்மா, உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. பணி ஓய்வு பெறும் வரை வகுப்புக்கு நான்கைந்து பேராவது இந்தத் தவற்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் 'ஏன் போடக்கூடாது' என்று திருப்பிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

3 என்பது வை-யின் மதிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது? எக்ஸ் 2 ஆக இருக்கும்போது. சி-யும் வை-யின் மதிப்புதான். ஆனால் எக்ஸ் சுழியமாக இருக்கும்போது. இரண்டும் வேறு வேறு இடத்தில் எடுத்த அளவு. நேற்றுக் காலை எடுத்த காய்ச்சல் அளவை இன்று மாலைக்கு எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். சாய்வு 2 என்றால், வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் மேலே இரண்டு கட்டம். அப்படியானால் இடப்பக்கம் ஒரு கட்டம் போனால் கீழே இரண்டு கட்டம். இப்போது (2, 3)-இல் நிற்கிறான். ஒரு கட்டம் பின்னால் போனால் (1, 1). இன்னொரு கட்டம் பின்னால் போனால் (0, −1). எக்ஸ் சுழியம் ஆகிவிட்டது. அங்கே வை என்னவோ அதுதான் சி. ஆக −1.

இதைவிட முக்கியமானது ஒன்று. சமன்பாடு என்றால் என்ன என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். 'கோட்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரம்' என்பான். அதுதான் சிக்கல். சமன்பாடு என்பது காவலர். இப்போது தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாசலில் தடுப்புக் கட்டை போட்டுக் காவலர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தப் புள்ளி வந்தாலும் அதை வைத்துச் சோதிப்பார். பொருந்தினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. உள்ளே விடப்பட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் கோடு.

உங்கள் மகன் வை = 2எக்ஸ் + 3 என்று ஒரு காவலரை உட்கார வைத்திருக்கிறான். கேள்வியில் கொடுத்த (2, 3) வாசலுக்கு வருகிறது. காவலர் கணக்குப் போடுகிறார்: 2 × 2 + 3 = 7. 'உன் வை 3 தானே, போ வெளியே.' வீட்டுக்காரரையே விரட்டிவிட்டார்! அதனால்தான் அந்த விடை தவறு.

வை = 2எக்ஸ் − 1 என்ற காவலரிடம் இரண்டு பேரையும் அனுப்பிப் பாருங்கள். 2 × 2 − 1 = 3, சரி. 2 × 6 − 1 = 11, சரி.


செந்தூல்செல்வி
செவ்வாய், இரவு 11.03

சார், ரொம்ப நன்றி. தூங்கப் போனவனை எழுப்பிச் சொன்னேன். "வீட்டுக்காரனையே விரட்டிட்டாரா"ன்னு சிரிக்கிறான். நாளைக்கு இன்னும் நாலு கணக்கு இருக்கு, பார்க்கலாம்.


பிறை_டெக்னீஷியன்
புதன், காலை 7.15

பினாங்குலேருந்து ஒரு வணக்கம். பசியாறிக்கிட்டே படிச்சேன். வாத்தியார் சொன்ன பின்னால நடக்குற கணக்கைத்தான் நான் தினமும் வேலையில செய்றேன். உங்க பையனுக்குச் சொல்லுங்க, இதை வச்சே சம்பளம் வாங்குறவன் ஒருத்தன் இருக்கான்னு.

தொழிற்சாலையில வெப்பநிலையை அளக்குற கருவி எண்ணை நேரா அனுப்பாது. ஒயர்ல மின்னோட்டமா அனுப்பும். 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர், 100 டிகிரிக்கு 20 மில்லி ஆம்பியர்னு வச்சிருப்போம். நடுவுல எல்லாம் நேர்க்கோடு. ஆக ரெண்டு புள்ளி: (4, 0), (20, 100). சாய்வு 100-ஐ 16-ஆல வகுத்தா 6.25. (4, 0)-வைப் போட்டா 0 = 6.25 × 4 + சி. சி = −25.

வெப்பநிலை = 6.25 × மின்னோட்டம் − 25.

12 மில்லி ஆம்பியர் வந்தா 75 − 25 = 50 டிகிரி. சரியா நடுவுல. கணக்குச் சரியான்னு நான் பார்க்குறது அப்படித்தான்.

இங்க ஒரு வேடிக்கை. சி-ங்கறது 'ஆரம்ப மதிப்பு'ன்னு நிறைய பேர் சொல்லிக் கொடுப்பாங்க. இங்க சி −25. அப்ப ஆரம்பத்துல −25 டிகிரியா? இல்ல. மின்னோட்டம் சுழியம்னா வெப்பநிலை −25-னு அர்த்தமில்ல, ஒயர் அறுந்துபோச்சுன்னு அர்த்தம்! அதுக்காகத்தான் வேணும்னே 0-லேருந்து தொடங்காம 4-லேருந்து தொடங்குறாங்க. சுழியம் வந்தா கோளாறுன்னு உடனே தெரிஞ்சிரும். திரையில −25 காட்டுச்சுன்னா நான் ஜாக்கெட் தேட மாட்டேன், ஏணியைத் தேடுவேன்.

கோடு வை அச்சை வெட்டும், அது கோட்டோட குணம். அந்த வெட்டுற இடத்துக்கு வாழ்க்கையில அர்த்தம் இருந்துதான் ஆகணும்னு இல்ல.


கேட்டரிங்_கமலா
புதன், காலை 10.48

தம்பி டெக்னீஷியன், எனக்கு உங்க மில்லி ஆம்பியர் புரியல, ஆனா என் சி-க்கு அர்த்தம் இருக்கு லா. பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பாட்டு ஆர்டர் எடுக்குறேன். 50 பேருக்கு 900 வெள்ளி (ரிங்கிட்), 80 பேருக்கு 1320 வெள்ளி. செல்வி, உங்க பையன்கிட்ட கேட்டுப் பாருங்க, தலைக்கு எவ்ளோ, லாரிக்கும் பாத்திரத்துக்கும் எவ்ளோன்னு.


செந்தூல்செல்வி
புதன், மாலை 6.20

பள்ளி விட்டு வந்ததும் கேட்டேன் கமலாக்கா. 900-ஐ 50-ஆல வகுத்து 18-ன்னான். அப்புறம் 1320-ஐ 80-ஆல வகுத்து 16.50-ன்னான். "ரெண்டும் வேற வேற வருது, அந்த ஆண்ட்டி ஏமாத்துறாங்க"ன்னான் 😄 மன்னிச்சுக்குங்க.

அப்புறம் அவனே கொஞ்ச நேரம் பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, 30 பேர் கூடினா 420 வெள்ளி கூடுது, அப்ப தலைக்கு 14-ன்னு கண்டுபிடிச்சான். 50 பேருக்கு 700, மிச்சம் 200 லாரிக்கு. சரியா?


கேட்டரிங்_கமலா
புதன், மாலை 6.41

அச்சு அசல்! 14 வெள்ளி தலைக்கு, 200 லாரி, பாத்திரம், பரிமாறுற ரெண்டு பிள்ளைங்க. ஏமாத்துறேன்னு அவன் மட்டும் சொல்லல. போன மாசம் ஒருத்தர் பத்துப் பேருக்குக் கேட்டார். 340-ன்னேன். 'தலைக்கு 34 வெள்ளியா, ஹோட்டல்லயே சாப்பிடலாமே'ன்னு போனை வச்சுட்டார். பத்துப் பேருக்கும் லாரி ஒண்ணுதானே போகணும்? அதை யாரும் கேக்குறதில்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க கோடு என் கடையில 150 பேர் வரைக்கும்தான் ஓடும். அதுக்கு மேல ரெண்டாவது லாரி. அங்க கோடு ஒடஞ்சுரும்.


கெப்போங் வாத்தியார்
புதன், இரவு 8.10

கமலா அம்மா சொன்னதை அப்படியே வகுப்பில் நடத்தலாம். 900-ஐ 50-ஆல் வகுப்பது சாய்வு அல்ல. அது அந்தப் புள்ளியிலிருந்து (0, 0) என்ற தொடக்கப் புள்ளிக்கு இழுத்த கோட்டின் சாய்வு. கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போனால் மட்டுமே அது பொருந்தும். சாய்வு என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மாற்றம். 'எவ்வளவு' என்று கேட்கக்கூடாது, 'எவ்வளவு கூடியது' என்று கேட்க வேண்டும்.


ஷார்ட்கட்சிங்கம்
புதன், இரவு 8.33

எல்லாம் அழகா இருக்கு சார். ஆனா பரீட்சையில காவலர், லாரி எல்லாம் யோசிக்க நேரம் ஏது? சூத்திரம் தெரிஞ்சா அரை நிமிஷம். பின்னால நடக்குறதெல்லாம் சாய்வு முழு எண்ணா இருந்தாத்தான். (3, 4), (8, 6) குடுங்க, நடந்து காட்டுங்க பார்ப்போம்.


கெப்போங் வாத்தியார்
புதன், இரவு 9.05

நல்ல சவால், சிங்கம். நடக்கிறேன். எக்ஸ் 5 கூடும்போது வை 2 கூடுகிறது. சாய்வு 2/5. நான் 3-இல் நிற்கிறேன், சுழியத்துக்கு மூன்று கட்டம் பின்னால் போக வேண்டும். ஒரு கட்டத்துக்கு 2/5 இறக்கம், மூன்றுக்கு 6/5. ஆக சி = 4 − 6/5 = 14/5. நடந்தாயிற்று, கால் கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

பின்னம் பிடிக்காதவர்கள் இரு பக்கமும் 5-ஆல் பெருக்கி 5வை = 2எக்ஸ் + 14, அதாவது 2எக்ஸ் − 5வை = −14 என்று எழுதிக்கொள்ளலாம். காவலரிடம் அனுப்புங்கள்: 6 − 20 = −14. 16 − 30 = −14. இருவரும் உள்ளே.

சூத்திரத்தின் மீது எனக்குப் பகை இல்லை. உங்கள் வை − வை1 = எம்(எக்ஸ் − எக்ஸ்1) எங்கிருந்து வந்தது? சாய்வு என்றால் (வை − வை1)-ஐ (எக்ஸ் − எக்ஸ்1)-ஆல் வகுப்பது. கீழே உள்ளதைப் பக்கம் மாற்றிப் பெருக்கினால் உங்கள் சூத்திரம். கோட்டில் எந்த ஒரு புள்ளியை எடுத்தாலும், கொடுத்த புள்ளியிலிருந்து பார்த்தால் சாய்வு அதே எம்-ஆக இருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. அதுவும் ஒரு காவலர்தான். அது தெரிந்த பிள்ளை பரீட்சைக் கூடத்தில் சூத்திரம் மறந்தாலும் திரும்ப எழுதிவிடுவான். தெரியாத பிள்ளை 'பிளஸ்ஸா மைனஸா' என்று கூரையைப் பார்ப்பான்.


ஆட்மேத்ஸ்_அடிமை
புதன், இரவு 10.17

கூரையைப் பார்த்தவன் ஆஜர் சார் 🙋

நான் படிவம் ஐந்து. போன சோதனையில (−3, 5), (1, −7)-க்குச் சாய்வு 6-னு எழுதுனேன். மேல −7 − 5 = −12, அது சரி. கீழ 1 − 3 = −2. மைனஸ் 3-ஐக் கழிக்கணும், நான் 3-ஐக் கழிச்சுட்டேன். 1 − (−3) = 4. சாய்வு −3 வரணும். இப்பல்லாம் மைனஸ் எண் வந்தா கண்ணை மூடிக்கிட்டு அடைப்புக்குறி போட்டுடுறேன். கால்குலேட்டர்லயும்.

ஒரு சின்னப் படம் போட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும். இடப்பக்கப் புள்ளி மேல, வலப்பக்கப் புள்ளி கீழ. கோடு இறங்குது. 6 வரவே முடியாது.

ஆனா படம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) தாள்ல ஆயத்தொலைவு வடிவியல் கேள்விக்கு மேலயே போட்டிருப்பாங்க: அளவுப்படம் வரைஞ்சு கண்டுபிடிச்ச தீர்வு ஏத்துக்கப்படாதுன்னு. அதைப் படிச்சுட்டு நிறைய பேரு படமே போடக்கூடாதுன்னு நினைச்சுக்குறாங்க. அப்படி இல்லைதானே சார்?


கெப்போங் வாத்தியார்
புதன், இரவு 10.40

இல்லை, இல்லை. வரைபடத்தாளில் அளந்து 'கோடு இங்கே வெட்டுகிறது' என்று படித்துச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டார்கள். ஓரத்தில் கைப்படம் போடுவதை யாரும் தடுக்கவில்லை. போடாமல் இருந்தால்தான் 6 வரும்.


பாடாங்_பாமா
வியாழன், காலை 11.30

செல்வி, இதெல்லாம் டியூஷன்ல சொல்லிக் குடுக்க மாட்டாங்களா? என் பொண்ணு போற இடத்துல மாசம் 120 வெள்ளி வாங்குறாங்க. ஒரு அறையில நாப்பது பிள்ளைங்க. போன மாசம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை குடுத்தாங்க, நேர்க்கோட்டுக்கு மட்டும் அஞ்சு சூத்திரம். எதை எப்பப் போடணும்னு கேட்டாளாம். 'கேள்வியைப் பார்த்தா தெரியும்'னாங்களாம்.


ஷார்ட்கட்சிங்கம்
வியாழன், பகல் 12.02

அந்த அட்டையில நான் குடுத்த சூத்திரம் இருக்கும்னு சத்தியம் பண்றேன் 😅 சரி, வாத்தியார் பக்கம் கொஞ்சம் சாயுறேன். எவ்ளோ சாய்வுன்னு கேக்காதீங்க.


மொழிப்பித்தன்
வியாழன், பிற்பகல் 2.15

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் (2, 3) போன்ற எண்களுக்கு நம் பிள்ளைகள் நான்கு பெயர் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை 'அச்சுத்தூரம்'. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் 'கோஓர்டினாட்'. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடங்களைத் தேடினால் 'ஆயத்தொலைவு'. இலங்கை நூல்களில் 'ஆள்கூறு'. சாய்வுக்கும் இதே கதை. இங்கே பள்ளியில் 'கெச்செருனான்', தமிழ்நாட்டில் 'சாய்வு', இலங்கையில் 'படித்திறன்'.

எனக்கென்னவோ அச்சுத்தூரம்தான் பிடிக்கிறது. ஒரு புள்ளி அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது.


கெப்போங் வாத்தியார்
வியாழன், மாலை 5.50

நல்ல சொல்தான். ஆனால் தூரம் எதிர்ம எண்ணாக வராதே! (−3, 5) வந்ததும் பிள்ளை விழிப்பான். 'அச்சுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்' என்று சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பிழைத்தோம். படித்திறனும் அருமையான சொல். பத்துமலையில் 272 படி ஏறுகிறோமே, ஒவ்வொரு படியிலும் கால் முன்னால் எவ்வளவு போகிறது, மேலே எவ்வளவு போகிறது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சாய்வு.


பிறை_டெக்னீஷியன்
வியாழன், இரவு 7.22

படின்னதும் எங்க பினாங்குக் கொடிமலை ரயில் ஞாபகம். 1923-லேருந்து ஓடுது, தண்டவாளம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போய்ச் சாய்வு கேட்டா, ஏறின உயரத்தை 2 கிலோமீட்டரால வகுப்பாங்க. தப்பு. தண்டவாளம் சாய்வா கிடக்குற பக்கம், முக்கோணத்தோட கர்ணம். கீழ வரவேண்டியது கிடைமட்டத் தூரம். அதோட கொடிமலையில எல்லா இடத்துலயும் ஒரே செங்குத்து இல்ல, அதனால ஒரே கோட்டுக்குள்ள அது அடங்காது.


ஆட்மேத்ஸ்_அடிமை
வியாழன், இரவு 8.45

எம்-னு ஏன் வச்சாங்க? பிரெஞ்சுல ஏறுறதுக்கு 'மோந்தே'ன்னு சொல்வாங்களாம், டேக்கார்ட் பிரெஞ்சுக்காரர், அதனாலன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன்.


கெப்போங் வாத்தியார்
வியாழன், இரவு 9.10

கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் டேக்கார்ட் சாய்வுக்கு எம் போடவே இல்லை. அவர் 1637-இல் வெளியிட்ட வடிவியலில் தெரியாதவற்றுக்கு எக்ஸ், வை என்று எழுதியது உண்மை, அந்தப் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. வை = எம்எக்ஸ் + சி போன்ற முதல் படிச் சமன்பாடு என்றால் அது நேர்க்கோடு என்று அதே காலத்தில் தெளிவாக எழுதி வைத்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஃபெர்மா. அதை அவர் அச்சிடவில்லை. அவர் இறந்தது 1665, அது அச்சானது 1679. அமெரிக்கப் புத்தகங்களில் வை = எம்எக்ஸ் + பி என்று இருக்கும். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே தம்பி.


ஆட்மேத்ஸ்_அடிமை
வியாழன், இரவு 9.31

சரி சார். இன்னும் ரெண்டு கேட்டுட்டுப் போயிடுறேன். (4, 1), (4, 9)-க்கு கால்குலேட்டர் 'மேத் எரர்'னு காட்டுது. அப்புறம் செங்குத்து இருசமவெட்டி, அதாவது ரெண்டு புள்ளியைச் சேர்க்குற கோட்டை நடுவுல செங்குத்தா வெட்டுற கோடு. A(1, 2), B(7, 4). செங்குத்துன்னா சாய்வுகளைப் பெருக்கினா −1 வரணும்னு தெரியும், ஏன்னு தெரியாது.

(ஐயோ, ஆங்கில எழுத்து போட்டுட்டேன். செல்வி ஆண்ட்டி விதியை மீறிட்டேன். புள்ளி ஏ, புள்ளி பி.)


கெப்போங் வாத்தியார்
வியாழன், இரவு 10.20

முதல் கேள்வி. கீழே 4 − 4 = 0. சுழியத்தால் வகுக்க முடியாது, கால்குலேட்டர் பாவம் என்ன செய்யும். அந்தக் கோட்டுக்குச் சாய்வு கிடையாது, ஆனால் சமன்பாடு உண்டு. காவலரை நினைத்துக்கொள். உள்ளே இருப்பவர்கள் யார்? (4, 1), (4, 9), (4, 100), (4, −6). அவர்களுக்குள் பொதுவானது என்ன? எக்ஸ் 4. வை-யைப் பற்றிக் காவலர் கேட்கவே மாட்டார். எக்ஸ் = 4, அவ்வளவுதான் சமன்பாடு. வை = எம்எக்ஸ் + சி-க்குள் எல்லாக் கோடும் அடங்கும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

இரண்டாவது. போனை மேசைமேல் நேராக வை. ஏ-யிலிருந்து பி-க்கு வலப்பக்கம் 6, மேலே 2. சுருக்கினால் வலப்பக்கம் 3, மேலே 1. இப்போது போனைக் கால் வட்டம் இடப்புறமாகத் திருப்பு. முன்பு வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகிறது. முன்பு மேலே போன 1 இப்போது இடப்பக்கம் போகிறது. ஆக, இடப்பக்கம் 1, மேலே 3. சாய்வு −3. பழைய சாய்வு 1/3. தலைகீழாகி, குறி மாறிவிட்டது. பெருக்கினால் −1. கோடு படுக்கையாகவோ நட்டமாகவோ இல்லாதவரை எந்தக் கோட்டைத் திருப்பினாலும் இதுதான் நடக்கும்.

நடுப்புள்ளி (4, 3). அதைக் காவலரிடம் கொடு: 3 = −3 × 4 + சி, சி = 15. வை = −3எக்ஸ் + 15.

இதற்குச் சோதனை இன்னும் சுவையானது. இருசமவெட்டியில் உள்ள எந்தப் புள்ளியும் ஏ-க்கும் பி-க்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும். (5, 0)-வை எடு. −15 + 15 = 0, கோட்டில் இருக்கிறது. ஏ-க்குத் தூரத்தின் வர்க்கம் 16 + 4 = 20. பி-க்கு 4 + 16 = 20. விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டாம்.


ஆட்மேத்ஸ்_அடிமை
வியாழன், இரவு 10.34

போனைத் திருப்பிப் பார்த்தேன், திரையும் கூடவே திரும்பிடுச்சு சார் 😭 பூட்டு போட்டுத் திருப்பினேன். வந்துச்சு!


செந்தூல்செல்வி
சனி, காலை 9.05

ரெண்டு நாளா வேலை, எட்டிப் பார்க்க முடியல. இவ்வளவு பேசியிருக்கீங்க! நேத்து ராத்திரி வீட்டுல ஒரு சம்பவம். பயிற்சிப் புத்தகத்துல ஒரு கேள்வி: (−1, 4) வழியாப் போற, வை = 3எக்ஸ் − 2-க்கு இணையான கோட்டோட சமன்பாடு. இணைன்னா ஒரே சாய்வு, 3. அவன் போட்டுட்டு வை = 3எக்ஸ் + 7-னு காட்டினான். பின்னால விடைப் பக்கத்தைப் பார்த்தா வை = 3எக்ஸ் + 1.

நான் "சரி, தப்பாப் போட்டுட்டே, திரும்பப் போடு"ன்னுட்டேன். அவன் நகரல. "அம்மா, காவலர்கிட்ட அனுப்பிப் பாருங்க"ன்னான். 3 × (−1) + 1 = −2. வை 4 வரணும். "இவங்க காவலர் வீட்டுக்காரரை விரட்டுறாரு. என் காவலர் விடுறாரு. −3 + 7 = 4." நான் மூணு தடவை போட்டுப் பார்த்தேன் சார். புத்தகம்தான் தப்பு, இல்லையா?


கெப்போங் வாத்தியார்
சனி, காலை 9.22

புத்தகம்தான் தவறு. −1-க்குப் பதில் 1-ஐப் போட்டிருப்பார்கள், 4 − 3 = 1. நம் ஆட்மேத்ஸ் தம்பி செய்ததேதான். மகனுக்கு என் சார்பாக ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுங்கள்.


ஷார்ட்கட்சிங்கம்
சனி, காலை 9.30

எந்தப் பக்கம்க்கா? என் தங்கச்சிகிட்டயும் அதே மாதிரி ஒரு புத்தகம் இருக்கு, பார்க்கணும்.


செந்தூல்செல்வி
சனி, காலை 9.51

பக்கம் 84. விடையைப் பேனாவால அடிச்சு, பக்கத்துல 7-னு பெருசா எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கான். பள்ளி நூலகப் புத்தகம்னு இப்பத்தான் அட்டையைப் பார்த்தேன்.